பூவலிங்கத்தைப் பிடிக்க ஆளில்லை

ஒரு காட்டில் சாலை வருவதற்கு முன்பே கல்லூரிகள் வந்துவிட்டன. மேட்டில் கரடிகளுக்கு ஒரு கல்லூரி, பள்ளத்தில் காட்டெருமைகளுக்கு ஒரு கல்லூரி, மரங்களின் மேல் மலையணில்களுக்கு ஒன்று, புதருக்குக் கீழே முயல்களுக்கு ஒன்று. தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு கல்லூரியின் வாசலில்தான் விழ வேண்டும். கல்லூரி இருந்தால் விளையாட்டு இருக்கும். விளையாட்டு இருந்தால் சண்டை இருக்கும். சண்டையை முறைப்படி நடத்த ஓர் அமைப்பு வேண்டாமா? அப்படிப் பிறந்ததுதான் மலையடிவார மண்டலக் கல்லூரிகள் விளையாட்டுக் கூட்டமைப்பு.

அதன் செயலாளர் அம்பலவாணன் என்ற யானை. எதற்கும் அவசரப்படாதவர். காலையில் "வணக்கம் ஐயா" என்று சொன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு "ம், வணக்கம்" என்பார்.

ஆரம்பத்தில் எல்லா விளையாட்டும் இருந்தன. ஓட்டப் பந்தயத்தைச் சீக்கிரமே நிறுத்த வேண்டியதாயிற்று. முயல் முன்னால் ஓட, சிறுத்தைக் கல்லூரி மாணவன் பின்னால் ஓட, அது பந்தயமா சாப்பாட்டு நேரமா என்று நடுவரால் தீர்மானிக்க முடியவில்லை. சிறுத்தைகளை வேறு மண்டலத்துக்கு மாற்றினார்கள். நீச்சல் போட்டிக்குக் காட்டெருமைகள் குளத்தில் இறங்கியதும் தண்ணீர் முழுக்க வெளியே வந்துவிட்டது. மற்றவர்கள் சேற்றில் நின்றுகொண்டு கைகளை ஆட்டினார்கள். அதையும் நிறுத்தினார்கள். கடைசியில் மிஞ்சியது கபடி ஒன்றுதான்.

வருடா வருடம் கபடி இறுதிப் போட்டியில் மோதுவது கரடிகளும் காட்டெருமைகளும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஏன் ஆகாது என்று யாருக்கும் தெரியாது. புதிதாகச் சேர்கிற மாணவனுக்குச் சாப்பாட்டுக்கூடம் எங்கே, கழிப்பறை எங்கே, எதிரி யார் என்ற மூன்றையும் சீனியர்கள் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்பதில்லை. ஒரு வருடம் கோப்பையை ஜெயித்த கரடிகள் மேளதாளத்தோடு ஊர்வலம் போனார்கள். அவர்கள் கல்லூரி இருப்பது மேட்டில். பள்ளத்தின் வழியாகப் போனால் அரைக்காடு சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டு போனார்கள். காட்டெருமைகள் சும்மா இருக்குமா? மறு வருடம் அவை ஜெயித்தபோது, கரடிகளின் விடுதிக்கு எதிரே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தன. அதில் அணியின் கேப்டன் கொம்பையா கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றான். கீழே "தேன் நக்கிகளின் சிம்ம சொப்பனமே!" என்று எழுதியிருந்தது. கரடிகளின் கேப்டன் கருத்தப்பாண்டி அன்று இரவே அந்த ஃபிளெக்ஸைக் கிழித்து, மழைக்கு ஒழுகிய தன் அறையின் கூரைக்குப் போட்டுக்கொண்டான். ஆனால் படம் உள்பக்கமாக இருந்துவிட்டது. வருடம் முழுக்க அவன் கொம்பையாவின் முகத்தைப் பார்த்தபடிதான் தூங்கினான்.

முயல்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர்கள் முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவார்கள். முயல் கல்லூரியின் பி.டி. மாஸ்டர் துரைக்கண்ணு நல்ல மனுஷன், அதாவது நல்ல முயல். "சீக்கிரம் தோத்தா சாப்பாட்டு வரிசையில முன்னாடி நிக்கலாம்டா" என்று சொல்லித்தான் பையன்களை அழைத்து வருவார். பையன்களும் குருவின் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை.

அந்த வருடம் கூட்டமைப்பின் கூட்டத்தில் அம்பலவாணன் தொண்டையைச் செருமினார்.

"மண்டலத்தோட தரம் குறையுதுன்னு மேலிடத்துல சொல்றாங்க. இந்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத கல்லூரியைப் பக்கத்து மண்டலத்துக்கு மாத்திடலாம்னு முடிவு."

துரைக்கண்ணுவின் காதுகள் எழுந்து நின்றன. "பக்கத்து மண்டலம்னா எதுங்க ஐயா?"

"சதுப்பு நில மண்டலம். மலைப்பாம்புக் கல்லூரி, உடும்புக் கல்லூரி, முதலைக் கல்லூரி. எல்லாம் நல்ல பசங்க. வெளியூர் டீம் வந்தா விருந்து பிரமாதமா இருக்கும்."

"விருந்தே நாங்கதானேங்க ஐயா?"

அம்பலவாணன் யோசித்தார். "அதையும் யோசிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

துரைக்கண்ணு திரும்பி வரும் வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்தார். மைதானத்தில் பையன்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி என்றால் கோட்டை எப்படி வேகமாகத் தாண்டி வெளியே ஓடுவது என்பதுதான். மைதானத்தின் ஓரத்தில், ஒரு வளையின் வாசலில், ஒரு முள்ளம்பன்றி உட்கார்ந்து கிழங்கு தின்றபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தது என்றால் சாதாரணமாக இல்லை. வாயில் வைத்த கிழங்கை மெல்ல மறந்து பார்த்தது. ஒரு முயலை நான்கு முயல்கள் சேர்ந்து அமுக்கியபோது அதன் முட்கள் சிலிர்த்து அடங்கின.

துரைக்கண்ணு அந்த முட்களைப் பார்த்தார். பிறகு காட்டெருமைகளை நினைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் முட்களைப் பார்த்தார்.

"தம்பி, உன் பேரு என்ன?"

"பூவலிங்கம் சார்."

"படிக்கிறியா?"

"இல்லீங்க சார். எந்தக் கல்லூரியிலும் பெஞ்சுல பக்கத்துல உக்கார ஆள் கிடைக்கல."

"நம்ம கல்லூரியில தனி பெஞ்சு இருக்கு. கபடி ஆடுவியா?"

பூவலிங்கத்தின் கையிலிருந்து கிழங்கு கீழே விழுந்தது. "நானா? என்னைச் சேத்துக்குவீங்களா சார்?"

மறுநாளே பூவலிங்கம் தாவரவியல் முதலாமாண்டில் சேர்ந்துவிட்டான். விளையாட்டு ஒதுக்கீடு. முயல்கள் அவனை வரவேற்றன, கொஞ்சம் தள்ளி நின்று.

போட்டி தொடங்கியது. நடுவர் ஒரு கொக்கு. வெள்ளை உடுப்பு தனியாகத் தைக்க வேண்டியதில்லை என்பதற்காகவே கூட்டமைப்பு அவரைப் பல வருடங்களாக வைத்திருந்தது. முதல் ஆட்டம் மலையணில்களோடு. பூவலிங்கம் "கபடி கபடி கபடி" என்று மெல்லிய குரலில் பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினான். முட்கள் ஒன்றோடொன்று உரசி ஒரு சத்தம் வந்தது. அணில்கள் பின்னால் போயின. இன்னும் பின்னால் போயின. கடைசிக் கோட்டையும் தாண்டி மரத்தின் மேல் ஏறிவிட்டன. கோட்டைத் தாண்டினால் அவுட். கொக்கு விசிலை ஊதி ஊதி மூச்சு வாங்கியது. முயல்கள் தங்கள் சரித்திரத்தில் முதல் முறையாக ஓர் ஆட்டத்தை ஜெயித்தன. எப்படிக் கொண்டாடுவது என்று தெரியாததால் வழக்கம்போல ஓடி ஒளிந்துகொண்டன.

சதுப்பு நிலம் போக வேண்டாம் என்று ஆகிவிட்டது. துரைக்கண்ணு அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பாவம், அந்த வயதில் தெரிந்திருக்கக் கூடாது.

அரையிறுதியில் காட்டெருமைகள். கொம்பையா முயல்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "என்னடா, தர்ப்பூசணிக்கு முள்ளு முளைச்ச மாதிரி ஒருத்தன் நிக்கிறான்!" என்றான். அவன் கூட்டமும் சிரித்தது. பூவலிங்கம் பாடிக்கொண்டு உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றது. காட்டெருமைக்குத் தோல் தடிமன்தான். மூக்கு அப்படியில்லையே. முதலில் ஒருத்தன் பாய்ந்தான். "அம்மா" என்று கத்திக்கொண்டு மூக்கைப் பிடித்தபடி வெளியே ஓடினான். அதற்குப் பிறகு யாரும் பாயவில்லை. ஒவ்வொருத்தராகக் கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றுகொண்டார்கள், ஏதோ வெளியே வேலை இருப்பது போல.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. பூவலிங்கம் ஆளைத் தொட்டதும் திரும்பி ஓடிவருவதில்லை. எதிரணியின் கட்டத்தில் நடுவே போய் நின்றுகொள்வான். முன்கால்கள் இரண்டையும் லேசாக விரித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிற வரைக்கும் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே நிற்பான். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு நடந்து வருவான். முயல்கள் ஆரவாரம் செய்யும். அவன் நிமிர்ந்து பார்க்கமாட்டான்.

காட்டெருமைகள் தோற்றன. பள்ளத்தில் அன்று யாரும் புல் மேயவில்லை.

கொம்பையா நேராக அம்பலவாணனிடம் போனான். "ஐயா, நாங்க புரோட்டஸ்ட் பண்றோம். முள்ளு ஆயுதம். ஆயுதத்தோட ஆட வரக் கூடாது."

அம்பலவாணன் அவனுடைய தலையைப் பார்த்தார். ஒரு கொம்பைப் பார்த்தார். நிதானமாக மற்றொரு கொம்பைப் பார்த்தார்.

"சரிங்க ஐயா, விடுங்க" என்று சொல்லிவிட்டு கொம்பையா திரும்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் துரைக்கண்ணு பூவலிங்கத்தைத் தனியாக அழைத்தார்.

"டேய், தொட்டாச்சுன்னா ஓடி வந்துட வேண்டியதுதானே? எதுக்குடா அங்கேயே நிக்கிற? எனக்கு நெஞ்சு நின்னுடும் போல இருக்கு."

பூவலிங்கம் தரையைக் கீறினான். "யாராவது புடிப்பாங்கன்னுதான் சார்."

"புடிச்சா அவுட்டுடா!"

"தெரியும் சார்."

"அவுட்டானா தோத்துடுவோம்!"

"அதுவும் தெரியும் சார்." மைதானத்தின் பக்கம் கையைக் காட்டினான். "எங்க வளை இந்த மைதானத்து ஓரத்துலதான் சார் இருக்கு. சின்னதுல இருந்து பாக்கறேன். ஒருத்தனைப் புடிக்க ஏழு பேரு ஓடி வர்றாங்க. இடுப்பைப் புடிக்கிறாங்க, காலைப் புடிக்கிறாங்க, மேல விழுந்து உருளுறாங்க. எந்திரிச்சு மண்ணைத் தட்டி விடுறாங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் என் மேல பாசம்தான் சார். ஆனா ரெண்டடி தள்ளி நின்னுதான். என்னை யாரும் புடிச்சதே இல்ல. கபடியில சேந்தா யாராவது புடிச்சுத்தானே ஆகணும்னு நினைச்சேன்."

துரைக்கண்ணு முயல். ஒரே குழிக்குள் இருபது பேரோடு ஒட்டிக்கொண்டு தூங்கி வளர்ந்தவர். ஆறுதலாக அவன் முதுகைத் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினார். முட்களைப் பார்த்தார். கையைத் தன் தலையிலேயே வைத்துச் சொறிந்துகொண்டார்.

"ஃபைனல் முடியட்டும்டா. அப்புறம் இதுக்கு ஒரு வழி பண்ணலாம்" என்றார். பி.டி. மாஸ்டர் வேறென்ன சொல்வார்?

இந்த நேரத்தில் மேட்டில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்துகொண்டிருந்தது. கரடிகளின் கல்லூரி வாசலில் கொம்பையா நின்றான். ஒரு காட்டெருமை அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை. காவலுக்கு நின்ற கரடி, அடிப்பதா வழி சொல்வதா என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டது.

கருத்தப்பாண்டி வெளியே வந்தான். "என்னடா, அடி வாங்கவா வந்த?"

"உனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தேன்" என்றான் கொம்பையா.

"எனக்கா? நீயா?"

"இதப் பாரு கரடி. நீ தோக்கணும்னுதான் நான் பொறந்ததுல இருந்து வேண்டிக்கிட்டிருக்கேன். ஆனா முயல்கிட்ட நீ தோத்தேன்னு வை, அப்புறம் உன்னை நான் ஜெயிச்சா அதுக்கு என்ன மரியாதை? முயலு ஜெயிச்ச ஆளைத்தானே ஜெயிச்சேன்னு ஊரு சொல்லும். நீ பெரிய ஆளா இருந்தாத்தான்டா நான் பெரிய ஆளு."

கருத்தப்பாண்டிக்கு அது நியாயமாகப் பட்டது. இருந்தும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "சரி, சொல்லித்தொலை."

"அவனைப் புடிக்க முடியாது. அந்த ஆசையை விட்டுடு. ஆனா நாங்க பண்ணின தப்பு, வெளிய ஓடினது. நீங்க ஓடாதீங்க. கோட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி விலகுங்க. மூச்சு தீந்தா அவனே போயிடுவான். அவன் உள்ள வந்து நின்னுக்குவான், அதையும் கண்டுக்காதீங்க."

"எதுக்கு நிக்கிறான்?"

"திமிருதான். வேற என்ன?"

கிளம்பும்போது கொம்பையா, "நான் வந்தேன்னு வெளிய சொல்லிடாதே" என்றான். "வந்ததையே மறந்துட்டேன், போ" என்றான் கருத்தப்பாண்டி. அதுதான் அவர்கள் இருவரும் சண்டை போடாமல் பேசிய முதல் பேச்சு. இருவருக்கும் உடம்பு கூசியது.

இறுதிப் போட்டி. காடே திரண்டிருந்தது. மரக்கிளைகளில் அணில்கள், ஒரு பக்கம் கரடிகள், எதிர்ப்பக்கம் காட்டெருமைகள். அவர்கள் அணி ஆடாவிட்டால் என்ன, கரடிகளைத் திட்டுவதற்காகவாவது வர வேண்டும் அல்லவா? முயல்கள் எங்கேயோ ஓர் ஓரத்தில் இருந்தன. காதுகள் மட்டும் தெரிந்தன. துரைக்கண்ணு கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை வைப்பதற்குத் தன் குழியில் ஓர் இடத்தைக் காலையிலேயே சுத்தம் செய்துவிட்டு வந்திருந்தார்.

கொம்பையா சொல்லிக்கொடுத்தது வேலை செய்தது. கரடிகள் ஓடவில்லை. பூவலிங்கம் வலது பக்கம் போனால் இடது பக்கம் நகர்ந்தன, இடது பக்கம் வந்தால் வலது பக்கம். அவ்வளவு பெரிய கரடிகள் நுனிக்காலில் நடந்ததைப் பார்க்க ஏதோ கல்யாண வீட்டில் ஈரத்தரையில் நடப்பது போல இருந்தது. பூவலிங்கத்துக்குப் பாயிண்ட் குறைந்தது. கரடிகள் பாடிக்கொண்டு வந்து இரண்டு மூன்று முயல்களைத் தொட்டுவிட்டுப் போயின. ஆட்டம் முடிகிற நேரத்தில் இரண்டு பக்கமும் பாயிண்ட் சமம்.

கடைசிப் பாட்டு பூவலிங்கத்துடையது.

"தொட்டுட்டு ஓடி வந்துடுடா! நிக்காதே!" என்று துரைக்கண்ணு கத்தினார்.

பூவலிங்கம் உள்ளே போனான். "கபடி கபடி கபடி." கரடிகள் விலகின. விலகி விலகி, மூலையில் கருத்தப்பாண்டி மட்டும் தனியாக மாட்டிக்கொண்டான். பின்னால் கோடு. முன்னால் பூவலிங்கம். பூவலிங்கம் முன்காலை நீட்டித் தொட்டிருக்கலாம். தொடவில்லை. வழக்கம்போல நின்றான். கால்களை லேசாக விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, பாடிக்கொண்டே நின்றான்.

கொம்பையா சொன்னபடியே கருத்தப்பாண்டி கேட்டான். கோட்டை ஒட்டிக்கொண்டு மெல்ல விலகப் பார்த்தான்.

காட்டெருமைகளின் பக்கத்தில் கொம்பையா உட்கார்ந்திருந்தான். விலகு என்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் கருத்தப்பாண்டி பின்வாங்குவதைக் கண்ணால் பார்த்ததும் அவனால் தாங்க முடியவில்லை. பழக்கதோஷம். எழுந்து நின்று மைதானமே அதிரக் கத்தினான்: "டேய், பயந்தாங்கொள்ளிக் கரடி!"

மொத்தக் காடும் திரும்பிப் பார்த்தது. கரடிகள் கேப்டனைப் பார்த்தன. கேப்டன் கொம்பையாவைப் பார்த்தான். எதிரே நின்ற முட்களைப் பார்த்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பான். சொன்னது காட்டெருமை.

இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பாய்ந்து, கருத்தப்பாண்டி பூவலிங்கத்தை முழுதாகக் கட்டிப்பிடித்தான்.

கருத்தப்பாண்டியின் கண்கள் அகலமாகின. இன்னும் அகலமாகின. விட்டுவிடலாமா என்று நினைத்தான். கொம்பையா பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

பூவலிங்கம் பாடுவதை நிறுத்தினான். கண்ணைத் திறந்தான். "ரொம்ப நன்றிங்க" என்றான்.

பாட்டு நின்றால் அவுட். கொக்கு விசில் ஊதியது. கரடிகள் ஒரு பாயிண்டில் ஜெயித்துவிட்டன.

மேளம் முழங்கியது. ஆனால் கேப்டனைத் தோளில் தூக்க வந்த கரடிகள் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டன. கருத்தப்பாண்டியால் பிடியை விட முடியவில்லை. முட்கள் மாட்டிக்கொண்டன. இருவரும் ஒட்டிக்கொண்டே மேடைக்கு நடந்தார்கள், ஒருத்தன் முன்னோக்கி நடக்க, ஒருத்தன் பின்னோக்கி நடக்க.

"அழுறியாடா?" என்று கருத்தப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"இல்லீங்கண்ணே. சந்தோஷமா இருக்கேன். நீங்க அழுறீங்களாண்ணே?"

"ஆமாடா. நான் அழுறேன்."

அம்பலவாணன் கோப்பையைக் கொடுத்தார். வாங்குவதற்குக் கருத்தப்பாண்டிக்குக் கை இல்லை. பூவலிங்கம் வாங்கிக்கொண்டான். தோற்ற அணியின் ஆள் கோப்பையைப் பிடித்திருக்க, ஜெயித்த அணியின் கேப்டன் அவனைப் பிடித்திருக்க, புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றைக்கும் கூட்டமைப்பு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. 'விளையாட்டு வளர்க்கும் சகோதரத்துவம்' என்று கீழே எழுதியிருக்கிறது. கருத்தப்பாண்டியின் முகத்தை மட்டும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

துரைக்கண்ணு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பூவலிங்கத்தைப் பிரித்தெடுத்து அழைத்துவந்தபோது, "ஒரு நன்றியைப் பாட்டு முடிச்சிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் குரங்கு டாக்டர்கள் இரண்டு பேர் கருத்தப்பாண்டியின் நெஞ்சிலிருந்து முட்களைப் பிடுங்கினார்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்கள். பூவலிங்கம் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான்.

"மன்னிச்சிடுங்கண்ணே. ரொம்ப வலிக்குதா?"

"முதல்ல வலிச்சுது. அப்புறம் மரத்துப்போச்சு." கருத்தப்பாண்டி கூரையைப் பார்த்தான். "ஏன்டா, உன்னை யாருமே புடிச்சதில்லையா?"

"இல்லண்ணே."

"ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பக்கத்துல வந்து உக்காருடா. ஊசிதான் போட்டாச்சே" என்றான்.

அப்போது கதவருகே ஒரு கொம்பு தெரிந்தது. கொம்பையா உள்ளே வந்தான். பழம் கிழம் எதுவும் வாங்கி வரவில்லை.

"செத்துட்டியான்னு பாக்க வந்தேன்."

"சாகல. போ."

கொம்பையா போகவில்லை. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "எவ்வளவு நேரம் புடிச்சிருந்த?"

"மேடைக்குப் போற வரைக்கும்."

"ஒட்டிக்கிட்டதனாலதானே? நீயா புடிச்சது கொஞ்ச நேரம்தானே?"

"நானாப் புடிச்சதே உன்னால முடியாத நேரம்டா!"

கொம்பையா வெளியே போனான். போகும்போது வாசல் நிலையில் கொம்பு இடித்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அடுத்த வருடம் வந்தது. கல்லூரிகள் முட்டாள்கள் இல்லை. சென்ற வருடம் முயல்கள் எப்படி இறுதிப் போட்டி வரை வந்தன என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கரடிகள் கல்லூரி ஏழு முள்ளம்பன்றிகளைச் சேர்த்தது. காட்டெருமைகள் கல்லூரி ஏழு முள்ளம்பன்றிகளோடு மாற்று ஆட்கள் ஐந்து பேரையும் சேர்த்தது. அணில்கள் மரத்தின் மேல் ஏறத் தெரியாத முள்ளம்பன்றிகளுக்காக அடிமரத்தில் தனி வகுப்பறை கட்டிக்கொடுத்தன. காட்டிலிருந்த முள்ளம்பன்றிகள் எல்லாம் ஒரே வருடத்தில் பட்டதாரிகள் ஆயின.

துரைக்கண்ணுவும் புதிதாக ஏழு பேரைச் சேர்த்தார். பூவலிங்கத்தை எடுக்கவில்லை. "பிடிபட ஆசைப்படறவன் டீமுக்கு ஆகாதுப்பா" என்றார். சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கருத்தப்பாண்டிக்கும் கொம்பையாவுக்கும் அவரவர் கல்லூரி அணியில் இடமில்லை. இருவரையும் ஆரவாரக் குழுவுக்குத் தலைவர்களாகப் போட்டு, கையில் ஆளுக்கொரு கொடியைக் கொடுத்துவிட்டார்கள்.

இறுதிப் போட்டியில் கரடிகள் கல்லூரி முள்ளம்பன்றிகளும் காட்டெருமைகள் கல்லூரி முள்ளம்பன்றிகளும் மோதின. மோதின என்பது பேச்சுக்குச் சொல்வது. ஒருத்தர் பாடிக்கொண்டு வருவார். மற்றவர்கள் மரியாதையாக விலகுவார்கள். வந்தவர் போய்விடுவார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வருவார். ஆட்டம் முடிந்தபோது இந்தப் பக்கம் பூஜ்ஜியம், அந்தப் பக்கம் பூஜ்ஜியம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அம்பலவாணன் நெகிழ்ந்துபோனார். மேலிடத்திலிருந்து 'காயமில்லா மண்டலம்' என்ற விருது வந்தது.

பார்வையாளர்கள் மட்டும் கலைந்துபோகவில்லை. "எங்க பூஜ்ஜியம்தான்டா பெருசு!" என்று கரடிகள் கத்தின. "உங்க பூஜ்ஜியத்துல ஓட்டை!" என்று காட்டெருமைகள் கத்தின. அடிதடி ஆகிவிட்டது. அதில் காயம் பட்டவர்களைக் கூட்டமைப்பு கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் விளையாட்டு வீரர்கள் இல்லையே.

அந்த அடிதடியில் கருத்தப்பாண்டி இல்லை. கொடியைக் கீழே போட்டுவிட்டு ஆற்று மணலுக்குப் போய்விட்டான். அங்கே பூவலிங்கம் காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். இருவரும் மட்டும் ஆடினார்கள். பூவலிங்கம் பாடிக்கொண்டு வந்தான். கருத்தப்பாண்டி ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவனைப் பிடித்தான்.

"கொஞ்சம் முள்ளை மடக்கிக்கடா."

"மடக்கித்தாண்ணே இருக்கேன்."

"இதுதான் மடக்கினதா?"

மணலில் தொம் தொம் என்று காலடிச் சத்தம் கேட்டது. கொம்பையா ஆற்றங்கரையில் மூச்சிரைக்க நின்றான். கொடி இன்னும் கையில் இருந்தது. தேடிக்கொண்டு வந்திருக்கிறான். திட்டுவதற்குக் கருத்தப்பாண்டி இல்லாமல் அங்கே அவனால் கத்தவே முடியவில்லை.

"இங்க என்னடா நடக்குது?"

"கபடி" என்றான் கருத்தப்பாண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இது கபடியா? விடு, நான் புடிச்சுக் காட்டுறேன். நீ புடிச்சதுக்கு ரெண்டு மடங்கு நேரம் புடிக்கிறேன் பாரு."

"உன் மூக்கு தாங்காதுடா."

"என் மூக்கைப் பத்தி நீ பேசாதே!"

கொடியை வீசிவிட்டு மணலில் இறங்கி வந்தான் கொம்பையா. பூவலிங்கத்தின் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கினான். கருத்தப்பாண்டி பார்த்துக்கொண்டிருந்தான். அது போதும். "வாடா தம்பி" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா பூவலிங்கத்தைக் கட்டிக்கொண்டான். அவன் போட்ட சத்தத்தில் அக்கரையில் கொக்குகள் பறந்தன. ஆனால் விடவில்லை.

"ம், போதும், என் முறை" என்றான் கருத்தப்பாண்டி.

"இருடா, இன்னும் நேரம் ஆகல."

"ஆயிடுச்சுடா!"

நடுவில் பூவலிங்கம் பாட்டை எப்போதோ நிறுத்தியிருந்தான். அவுட் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

நீதி: உங்களை யாருக்கும் பிடிக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒருவரையொருவர் அறவே பிடிக்காத இரண்டு பேரைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு நடுவில் போய் நின்றுகொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொள்வது அவர்கள் பாடு.